மத்தேயோ ஊருக்குக் கொடுத்த வருஷம்

செய்தி வந்ததும் நான் 'ராங் நம்பர்' என்று பதில் அனுப்பினேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். 'மத்தேயோ பாட்ஸ் இறந்துவிட்டார்' என்று ஸ்பானிஷில் வந்த வாட்ஸப் செய்தியை என் போன் மொழிபெயர்த்துக் காட்டியது. அந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது. பக்கத்தில் இருந்த என் மகள் நித்யா எட்டிப் பார்த்தாள். பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறவள்.

"அப்பா, கீழ போட்டோ இருக்கு பாரு. தட்ஸ் மாதவன் அங்கிள்."

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நான் சமையலறைப் பொறுப்பாளனாக இருக்கும் ஹோட்டலில் எட்டு வருஷம் என் பக்கத்தில் நின்று தோசை வார்த்தவர். வேலைக்கு வந்த முதல் நாளே, பெயர் வாயில் நுழையவில்லை என்று மாதவன் ஆக்கியவன் நான்தான். பிளஸ் டூவை இரண்டு மூச்சில் தாண்டி, கேட்டரிங் டிப்ளமாவோடு நின்றுவிட்ட ஆள் நான். குவாத்தமாலா என்பது மெக்சிகோவில் ஒரு ஜில்லா என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

என் கதை அப்படி. நீங்களெல்லாம் படித்தவர்கள். இங்கே நம் தமிழர்கள் நடத்தும் பொங்கல் விழாக் குழுவின் வாட்ஸப்பில் நான் செய்தியைப் போட்டதும் வந்த முதல் பதில், 'அடடா, அந்த மெக்சிகன் தோசைக்காரரா? ஆர்.ஐ.பி.' இரண்டாவது பதில், 'அப்போ இந்தப் பொங்கலுக்கு தோசை கவுண்டர் யார்?' எட்டு வருஷம் அவர் கையால் நெய் ரோஸ்ட் வாங்கித் தின்றவர்களுக்குக் கைகூப்புகிற பொம்மையை அழுத்தக்கூட விரல் வளையவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர் மெக்சிகோக்காரர் அல்ல. குவாத்தமாலாவில், தொத்தோனிகபான் பக்கத்து மலைக் கிராமத்துக்காரர். ஸ்பானிஷே அவருக்கு இரண்டாவது மொழி. வீட்டில் பேசியது கிச்சே. மூன்றாவதாக நம் சமையலறைத் தமிழ். ஒருநாள் மாவு கலக்கிக்கொண்டே சொன்னார்:

"அண்ணே, எங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரு வருஷம் டர்ன் வரும். ஊர் வேலை. தண்ணி, காடு, சண்டை, எல்லாம் பாக்கணும். சம்பளம் நோ. கையில ஒரு கோல் குடுப்பாங்க."

"சம்பளம் இல்லாமயா? எவன் வருவான்?"

"எல்லாரும் வரும், அண்ணே. கூப்பிட்டா வரணும்."

அவரையும் கூப்பிட்டார்கள். ஊர்க் கூட்டத்தில் அவர் பெயர் வந்தது. போனால் இங்கே திரும்பி வர முடியாது, இந்த நாட்டில் இருக்க அவர் கையில் காகிதம் கிடையாது. ஊரில் இரண்டு பிள்ளைகள் இவர் சம்பளத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அண்ணன் பெயரில் அந்தக் கோலைத் தங்கை ஹுவானா வாங்கிக்கொண்டாள். பெண் எதற்கு என்று சிலர் முணுமுணுத்தார்களாம். "ஹுவானா என்னவிட நல்லா நிக்கும்" என்றார் மத்தேயோ. ஆனாலும் அந்த வருஷம் முழுக்க, தான் ஓடி ஒளிந்துகொண்டவன் என்கிற நினைப்பு அவரை விட்டுப் போகவில்லை.

வந்ததே ஒரு வருஷம்! அங்கே தேர்தல். யாரும் எதிர்பார்க்காத ஒருவர் ஜெயித்தார். ஜெயித்தவரைப் பதவிக்கு வரவிடாமல் செய்ய, அரசுத் தரப்பு வழக்கறிஞர்களே இறங்கினார்கள். கட்சியை முடக்கப் பார்த்தார்கள், தேர்தல் அலுவலகத்தில் புகுந்து பெட்டிகளைத் தூக்கிப் போனார்கள். ஜனங்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். மலைக் கிராமங்களிலிருந்து கோல் பிடித்தவர்கள் தலைநகருக்குப் போய், அந்த வழக்கறிஞர் அலுவலக வாசலில் மாதக்கணக்கில் மழையிலும் குளிரிலும் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி ஹுவானா.

அவள் அனுப்பும் வீடியோவை இடைவேளையில் மத்தேயோ காட்டுவார். "கோல் கையில இருந்தா உக்காரக் கூடாது, அண்ணே. அதான் நிக்குது" என்பார். நான் ஒரு கண்ணை சாம்பார் மேல் வைத்துக்கொண்டு, "சரிப்பா, சரிப்பா" என்பேன். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இவங்க ஊர்ல எப்பவும் கலாட்டாதான் சார்" என்றார். போட்ட ஓட்டு செல்ல வேண்டும் என்று நிற்பது கலாட்டா என்றால், நம் ஊர்த் தேர்தல் முடிவன்று ஆபீஸ் மீட்டிங்கிலேயே மேஜைக்கு அடியில் போனைப் பார்க்கிறோமே, அதற்கு என்ன பெயர்?

பதவியேற்பு ஜனவரியில் வந்தது, நம் பொங்கல் விழாவன்று. ஹுவானாவின் வருஷம் முடிந்து கோலை அடுத்தவரிடம் கொடுத்தாகிவிட்டது. இருந்தாலும் கடைசிவரை பார்ப்பேன் என்று தலைநகருக்குப் போய் நின்றாள். இங்கே பள்ளிக்கூட ஹாலில் மத்தேயோ சட்னி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு தோசை ஊற்றினார். அங்கே எம்.பி.க்கள் வேண்டுமென்றே இழுத்தடித்தார்கள். வெளியே கூட்டமும் போலீஸும் முட்டிக்கொண்டு நின்றன.

"ஹலோ அமிகோ, என் பையனுக்கு நோ ஆனியன், ஓகே?" என்றார் வரிசையில் ஒரு அம்மா.

"ஓகே அக்கா. வெங்காயம் இல்ல."

"ஐயோ, தமிழ் பேசுறான்டி!" என்று அந்த அம்மா சிரிக்க, பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

விழாச் செயலாளர் என் காதருகே வந்தார். "என்ன சார், உங்க ஆளு போனைப் பாத்துட்டே ஊத்துறான்? லைன் வாசல் வரைக்கும் போயிடுச்சு. என்ன, மேட்ச்சா?"

"ஆமா சார், ஏதோ ஃபுட்பால்" என்றேன். வாய் கூசாமல்தான் சொன்னேன்.

பிறகு மத்தேயோவிடம் போனேன். "மாது, போனைக் குடு. முடிஞ்சதும் தரேன்."

"அண்ணே, ஹுவானா அங்க நிக்குது. இன்னிக்கி மட்டும்."

"குடுப்பா, மானத்த வாங்காத."

கையைத் துடைத்துக்கொண்டு கொடுத்தார். என் ஏப்ரன் பையில் அது அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. எனக்குத் தொந்தரவாக இருந்தது, அணைத்துவிட்டேன். பாத்திரங்களை வேனில் ஏற்றிய பிறகுதான் ஞாபகம் வந்து திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை வேலைக்கு வந்தவர், "அண்ணே, பதவி ஏத்துக்கிட்டாரு" என்று சிரித்தார். போனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் கரண்டியாலேயே என்னை ஒன்று போட்டிருப்பார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

போன மாதம் மாரடைப்பு. ஐம்பத்திரண்டு வயது. டிரென்டனில் தேவாலயப் பூசைக்கு நானும் நித்யாவும் போனோம். நம் ஆட்கள் யாரும் வரவில்லை. அன்று குளிர் அதிகம் என்று பிறகு சொன்னார்கள். பூசை முடிந்ததும், மத்தேயோவுடன் அறையில் தங்கியிருந்தவர் வீடியோவில் ஹுவானாவைக் கூப்பிட்டு, போனை என்னிடம் நீட்டினார். அவள் அழவில்லை. நிதானமாக ஏதோ கேட்டாள். நித்யா தமிழில் சொல்லத் தடுமாறினாள்.

"அப்பா, ஷி இஸ் ஆஸ்கிங்… அந்த பதவியேற்பு நாள்ல அவங்க கூட்டத்தைக் காட்ட அங்கிளுக்குக் கால் பண்ணிட்டே இருந்தாங்களாம். சார்ஜ் தீர்ற வரைக்கும். ஹி டிட்ன்ட் பிக் அப். தூங்கிட்டேன்னு அப்புறம் சொன்னாராம். ஆனா அன்னிக்கி அவர் தூங்குவாரான்னு கேக்குறாங்க. அவர் கோலை இவங்க எடுத்துக்கிட்டது அவருக்குப் புடிக்கலையோ, அதனாலதான் எடுக்கலையோன்னு."

என்னைக் காட்டிக்கொடுக்காமல் பொய் சொல்லியிருக்கிறார் மனிதர். அதுவும் உயிருக்கு உயிரான தங்கையிடம். எட்டு வருஷத்தில் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதில் இன்னும் என்னிடமே இருப்பது அந்தச் சாயங்காலம்தான்.

"நெறைய வேலைம்மா அன்னிக்கி. அசந்து தூங்கிட்டார். உன்னை நினைச்சு அவருக்கு ரொம்பப் பெருமைன்னு சொல்லு" என்றேன். நித்யா அப்படியே சொன்னாள். ஹுவானா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையசைத்தாள்.

அவர் தூங்கவில்லை, ஹுவானா. நீ கூப்பிட்டபோது போன் என் பையில் இருந்தது. நான்தான் அணைத்தேன். அதை மட்டும் சொல்லவில்லை.