தெபோராளை நான் இழுத்துச் சொன்ன காலை

ஆட்டோவில் ஊர் ஊராகப் போய் அறிவித்தல் சொல்ல மைக் பிடித்து இருபத்திரண்டு வருஷம். என் குரலை நினைத்து நானே வெலவெலத்துப் போனது மாத்தளைப் பக்கம் பலாபத்வலயில், ஒரு காலை பத்து மணிக்கு.

மேல் தோட்டத்தில் தெபோராள் சபை என்று ஒரு சின்ன ஜெபக் கூட்டம். நாவுலயிலிருந்து புதிதாக வந்த பாஸ்டர் ஆராதனை அறிவித்தலை எழுதித் தந்திருந்தார். கீழ் ரோட்டில் நிறுத்திய என் ஆட்டோக் கூரையில் இரண்டு ஹோர்ன் ஒலிபெருக்கி. மலைப்பக்கம் திருப்பினேன். நெடில் கண்டால் என் தொண்டை சும்மா இருக்காது. "தெபோராஆஆஆள்..." மூன்று தடவை. சத்தம் தேயிலைக்கு மேலே ஏறிப் பாறையில் முட்டித் திரும்பியது. எனக்கே அழகாக இருந்தது.

கொழுந்து எடுத்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். குளவி கலைந்துவிட்டது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் குறுக்குப் பாதையில் ஒரு பெண் சறுக்கி வந்தாள். இடுப்பில் கொழுந்துக்காரிகள் கட்டும் படங்குச் சாக்கு, ஒரு காலில்தான் செருப்பு.

"யாருய்யா செத்தது? எம்மவனா?"

"இல்லம்மா, கூட்டத்துக்குத்தான்..."

"மாத்தள ஆஸ்பத்திரில அவனுக்கு இன்னைக்கு ஆபரேசன். மேல சிக்னல் இல்ல. நீ சாவுக்குக் கூப்புடுற மாதிரி கூப்புடுறியே!"

பின்னால் வந்த கங்காணி மூச்சிரைக்கச் சொன்னார். முன்பொரு மண்சரிவில் இந்தத் தோட்டத்துப் பெண் தெபோராள் புதைந்த அன்று, அவள் புருஷன் பாறையில் ஏறி, மலைச் சனமெல்லாம் வந்து சேரும்வரை அவள் பேரை இழுத்துக் கூப்பிட்டானாம். வந்தவர்கள் ஜெபித்தார்கள், அதுவே சபையானது. "மத்த நாள்ல வெடுக்குனு சொல்லி முடிச்சிருவோம் தம்பி. யாராச்சும் செத்தா மட்டுந்தான் இழுப்போம்."

பாஸ்டருக்கும் தெரியாது. நானும் கேட்கவில்லை.

என் போனில் அந்தப் பெண் சொன்ன நம்பரை அழுத்தினேன். இரண்டு தடவை தப்பிப் போனது. மூன்றாவதில் அவள் புருஷன் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"செல்வராணியா? முடிஞ்சிருச்சு புள்ள. கண்ணு முழிச்சுட்டான். தண்ணி கேட்டு நச்சரிக்கிறான்."

அவள் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"தெபோராள் சபைக்காரங்களா, நா செல்வராணி பேசுறேன். ஒருத்தரும் சாகல. இது ஒரு கூறுகெட்ட மனுசன். எல்லாரும் கொழுந்துக்குப் போங்க!"

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பேர் எழுதின தாளை வாங்கினால் போதாது. அந்தப் பேரோடு வாழ்கிறவர்களிடம் போய், "நீங்க எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டுவிட்டு மைக்கைத் திறவுங்கள். நான் கேட்காத காலையில், ஒரு தாய் தன் பிள்ளையைச் சாகக் கொடுத்தவளாக மலையிறங்கி வந்தாள்.