சாக்கின் மேல் உட்கார்ந்தவள்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் மலைக்கு சாஃப்ட்பால் வந்தது. ஜமுனாமரத்தூரில் விடுதியில் தங்கி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். மட்டையையும் கையுறைகளையும் பி.டி. டீச்சர் எங்கிருந்தோ கேட்டு வாங்கி வந்திருந்தார். மைதானத்தில் நாலு இடத்தில் மணல் நிரப்பிய சாக்குகளைப் போட்டு, அடித்தவள் நாலையும் சுற்றி வந்தால் ஒரு ரன் என்றார்.

மறு வருஷம் கோப்பைக்காகத் திருப்பத்தூர்ப் பெண்களோடு மோதினோம். கீழே நடந்த ஆட்டத்தில் அவர்கள் ஜெயித்தார்கள். மேலே நடந்ததில் நாங்கள். முடிவான மூன்றாவது ஆட்டம் சீட்டுக் குலுக்கலில் எங்கள் மைதானத்துக்கு விழுந்தது. அன்று சந்தை. சாமை விற்றுவிட்டு வந்தவர்களெல்லாம் மைதானத்தைச் சுற்றி நின்றார்கள்.

கடைசிக் கட்டத்தில் எங்களுக்கு ஒரு ரன் கூடுதல். அவர்களில் இருவர் அவுட். இன்னும் ஒருத்தி அவுட்டானால் கோப்பை எங்களுக்கு. ஆனால் மூன்றாவது சாக்கில் ஒருத்தி ஓடிவரத் தயாராக நின்றாள். அடிக்க வந்தவள் அவர்களிலேயே நெட்டையானவள். அவளுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்க நான் குந்தியிருந்தேன்.

முதல் பந்தைத் தவறவிட்டாள். இரண்டாவதைக் கோட்டுக்கு வெளியே அடித்தாள். மூன்றாவது தாழ்வாக வந்தது. மட்டை காற்றில்தான் சுழன்றது. மூன்று தடவை தவறினால் அவுட்.

"கெலிச்சிட்டோம்டி!" எங்கள் பெண்கள் கூச்சலிட்டபடி நடு மைதானத்துக்கு ஓடிவந்தார்கள்.

பந்து என் கையுறையில் இல்லை. விளிம்பில் பட்டு நழுவிப் பின்னால் போயிருந்தது. மூன்றாவது பந்தை நான் பிடிக்காவிட்டால் அடிக்க வந்தவள் முதல் சாக்குக்கு ஓடலாம். அவளுக்கு முன்னால் பந்து அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அவுட். டீச்சர் எப்போதோ ஒரு தடவை சொன்னது.

"ஓடு! ஓடு!" என்று அவர்கள் டீச்சர் அலறினார். நெட்டைப் பெண் மட்டையை வீசிவிட்டு ஓடினாள். மூன்றாவது சாக்கில் நின்றவளும் புறப்பட்டுவிட்டாள்.

பந்து சரிவில் உருண்டுகொண்டிருந்தது. தலைப்பாகை கட்டிய ஒருவர் எடுத்துக்கொடுக்கலாம் என்று குனிந்தார்.

"தொடாதீங்கண்ணா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

பாம்பைக் கண்டவர் மாதிரி அவர் துள்ளி விலகினார். பந்தை எடுத்துத் திரும்பினேன். எல்லோரும் நடுவில் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். யாரிடம் எறிவது? அப்போதுதான் முதல் சாக்கைக் காக்க நின்றவள் கண்ணில் பட்டாள். சாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். கால் நடுக்கத்தில் நிற்க முடியவில்லையாம், பிறகு சொன்னாள்.

"இன்னாடி பாத்துனு நிக்கிற? போடுடி!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

எறிந்தேன். அவள் மடியில் போய் விழுந்தது பந்து. இரண்டு கையாலும் அதை அமுக்கிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் நெட்டைப் பெண்ணின் கால் சாக்கில் பட்டது.

நடுவர் கையைத் தூக்கவில்லை. அவர்கள் டீச்சர் ஓடிவந்தார். "சாக்கு மேல காலு வெச்சாத்தானே சார் அவுட்டு? இந்தப் பொண்ணு உக்காந்துனு இருக்குது!"

"உடம்புல எது பட்டாலும் பட்டதுதாங்க சார்" என்றார் எங்கள் டீச்சர்.

நடுவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "எழுந்திரும்மா."

"முடியலைங்க சார்."

நடுவர் சாக்கை இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார். அவுட். ஓடிவந்தவளின் ரன் செல்லாது.

கோப்பை வாங்க அவளை இருவர் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. தலைப்பாகைக்காரர் என்னிடம் வந்தார். "இன்னா பாப்பா, அந்தப் பொண்ணு உக்காந்ததாலயா கெலிச்சீங்க?"

"ஆமாங்கண்ணா" என்றேன்.