எரியாத டிஸ்க்

எங்கள் தெருவில் ஸ்கூல் வேன் ஓட்டுபவரை எல்லோரும் 'புகை' என்றுதான் சொல்வார்கள். சிகரெட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனுஷன். பதினெட்டு வருஷம் முன்னால் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிங் மாஸ்டர் பதினோரு வருஷமாகப் போட்ட அளவுகள் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள்தான் இருந்தன. இடம் போதவில்லை என்று இரண்டாவதாக ஒரு ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தினார். அதோடு சரி, கம்ப்யூட்டர் கிளம்பவே இல்லை.

"மறுபடி கழட்டிப் பார்த்துடறேன் சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் முதலாளி அவரை வெளியே அனுப்பிவிட்டார். பிறகு வந்த ரிப்பேர்காரர் பெட்டியைத் திறக்காமலேயே டிஸ்க் எரிந்துவிட்டது என்றார். புகையை யாரும் பார்க்கவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவரும் அதை நம்பினார். அன்றிலிருந்து வீட்டு மிக்ஸியின் ஸ்க்ரூவைக்கூடத் தொட்டதில்லை.

போன மாதம் கம்பெனியை மூடினார்கள். பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் அவர் மச்சினன், அங்கே மூலையில் கிடந்த அந்தப் பெட்டியையும் திரையையும் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மாமா, இது உங்க ஆளுதானே?"

மத்தியானம், வேனுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கூடத்துத் தரையில் உட்கார்ந்து திறந்தார். புது டிஸ்க்கில் ஜம்பர், அதாவது பின்பக்கத்துக் கம்பி முட்களில் செருகும் அரிசி அளவு பிளாஸ்டிக் மூடி, 'இரண்டாவது' என்ற இடத்தில் சரியாகவே இருந்தது. பழைய டிஸ்க்கையும் வெளியே இழுத்துப் புரட்டினார். அடிப்பக்கத்து லேபிளில் 'தனியாக இருந்தால்' ஒரு இடம், 'இன்னொன்று கூட இருந்தால்' வேறு இடம் என்று போட்டிருந்தது. ஜம்பர் தனி இடத்திலேயே இருந்தது. அதை அன்று அவர் பார்க்கவேயில்லை.

மனைவியின் புருவ இடுக்கியால் ஜம்பரை ஒரு முள் தள்ளிப் போட்டு டிஸ்க்கை மறுபடி பொருத்தினார். உள்ளே செத்துக் கிடந்த பட்டன் பேட்டரியையும் மாற்றிவிட்டு ஸ்விட்சைத் தட்டினார். திரை வந்தது. மாஸ்டரின் அளவுகள் வரிசையாக வந்தன.

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். "என்னங்க, முகமெல்லாம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கீங்க?"

"எதுவும் எரியலை."

"எது எரியலை?"

"எதுவுமே. ஒரு முள்ளு தள்ளிப் போட்டிருக்கணும். அவ்வளவுதான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "சண்டை வந்தப்பல்லாம் நானும் நீங்க எரிச்சதைத்தானே சொல்லிக் காட்டினேன்" என்றாள்.

வேன் நேரம் வந்தும் அவர் அந்தத் திரையை விட்டு எழுந்திருக்கவில்லை. மச்சினன்தான் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டான். சாயங்காலம் மாஸ்டருக்குப் போன் போட்டார்.

"மாஸ்டர், உங்க அளவெல்லாம் பத்திரமா இருக்கு."

அந்தப் பக்கம் இருந்து மாஸ்டர், "அப்ப ஊரெல்லாம் உன்னைப் பத்தி நான் பேசினதை எங்கப்பா போய் அழிக்கறது?" என்றார்.

மறுநாள் காலை மாஸ்டரே வந்தார். திரையை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி, பழைய கம்பெனி ஆட்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். "அவன் எதையும் எரிக்கலைய்யா" என்றுதான் ஆரம்பித்தார். ஏழாவது ஆளிடம் பேசும்போது போனை வாங்கி மிச்சத்தைப் புகையின் மனைவி சொன்னாள்.