கட்டுக்கம்பியை அவிழ்த்த பிறகுதான்

பல வருடமாக நான் கான்கிரீட் வேலைக்குச் சித்தாளாகப் போகிறேன். ஜல்லியும் மணலும் சட்டியில் அள்ளி மிக்ஸர் மெஷினில் கொட்ட வேண்டும். கலவை ஆனதும் ஒரு பெரிய இரும்புத் தொட்டியில் இறக்குவார்கள். மெஷினை ஒட்டி நிற்கும் இரண்டு கம்பங்களின் வழியே மோட்டார் அந்தத் தொட்டியை மாடிக்கு இழுக்கும். உச்சியில் லிமிட் சுவிட்ச் என்று சின்னதாக ஒன்று இருக்கும். தொட்டி போய் அதன் நாக்கைத் தட்டினால் மோட்டார் தானாக நின்றுவிடும். அது வேலை செய்யாவிட்டால், ஆபரேட்டர் சற்றே கண்ணைத் திருப்பினாலும் தொட்டி மேலே மோதிக் கம்பிக் கயிறு அறுந்துவிடும். தொட்டி கீழே வரும். கீழே நிற்பது நாங்கள்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எடப்பாடியில் ஒரு தறிக்கூடத்துக்கு மாடி போட்டபோது கண்ணால் பார்த்தேன். என்னோடு நின்ற ஒரு அக்காவின் வலது பாதம் தொட்டிக்கு அடியில் நசுங்கியது. காலையிலேயே அந்தச் சுவிட்சை வேலை செய்யாதபடி கட்டுக்கம்பியால் கட்டிவிட்டிருந்தார்கள். கட்டியதை நான் பார்த்தேன். எல்லா இடத்திலும் செய்வதுதானே என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அந்த அக்கா, "ஏம்புள்ள, அது எப்பிடி உழுந்துச்சு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படிச் சொன்னதற்காக இன்றும் எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

அதற்கடுத்த வருடம் எருமப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தளம் போட்டோம். காலை ஆறு மணிக்கே மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. பதினொரு மணிக்கு மேல் தொட்டி பாதி வழியில் நின்று நின்று போனது. சிமெண்ட் பால் தெறித்துச் சுவிட்சின் நாக்கு இறுகிவிட்டது. ஆபரேட்டர் கம்பத்தில் ஏறினான். இறங்கி வந்தபோது தொட்டி தடையில்லாமல் ஓடியது. அண்ணாந்து பார்த்தேன். சுவிட்சைச் சுற்றிப் புதுக் கட்டுக்கம்பி வெயிலில் மின்னியது.

சட்டியைக் கீழே வைத்துவிட்டு மேஸ்திரியிடம் போனேன்.

"ஏனுங்கண்ணா, சுவிட்சக் கட்டிப்போட்டு ஓட்டறாங்க. அத அவுக்கச் சொல்லுங்க."

"அதெல்லாம் ஆபரேட்டர் பாத்துக்குவான். நீ போய் ஜல்லிய அள்ளு."

"அவுக்காம நான் அள்ள மாட்டனுங்க."

அவர் சிரித்தார். நான் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.

மற்ற பெண்கள் கொஞ்ச நேரம் அள்ளினார்கள். பிறகு ஒருத்தி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்து இன்னொருத்தி. எங்களில் வயதில் மூத்தவள் மட்டும் முன்னால் வந்து நின்று கத்தினாள். "உன்னால எங்க பொழப்பும் போகப்போவுது. நாளைக்கு யாரு கூப்புடுவா?" அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "எடப்பாடில நான் வாயத் தொறந்திருந்தா ஒரு காலு தப்பிச்சிருக்குமுங்க்கா" என்றேன். அவள் உட்காரவில்லை. ஆனால் அள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

மெஷின் வெறுமனே சுற்றியது. மாடியிலிருந்து ஆட்கள், "கலவ எங்கடா?" என்று கூச்சல் போட்டார்கள். தளம் பாதிதான் ஆகியிருந்தது. இடையில் நிறுத்தினால் பழைய கலவையும் புதியதும் சரியாக ஒட்டாது. மழைக்கு அந்த இடம் ஒழுகும். இது எனக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். அதனால்தான் அவருக்கு அத்தனை கோபம்.

"வேற ஆளுகளக் கொண்டாந்துருவேன் பாத்துக்க."

"கொண்டாங்க. அவங்க வந்தாலும் இதயேதான் சொல்லுவேன்."

ஊரில் நாலைந்து பேருக்கு போன் போட்டார். நட்டநடு வெயிலில் யாரும் வருவதாக இல்லை. கடைசியில் இன்ஜினியர் பைக்கில் வந்தார். சின்ன வயது.

"ஏனுங்க்கா, தளத்த முடிச்சிட்டுப் பேசிக்கலாமே. நான் பொறுப்பு."

"நீங்க மேல நிப்பீங்க சார். தொட்டி எங்க மேலதான் உழும். வெறுந் தொட்டிய ஓட்டிக் காட்டுங்க. அதுவா நின்னா நான் எந்திரிச்சு வாரேன்."

அவர் மேலே பார்த்தார், கட்டுக்கம்பியைக் கண்டார். ஆபரேட்டரிடம் திரும்பி, "மெயின ஆஃப் பண்ணிட்டு அத அவுத்துட்டுச் சரி பண்ணு" என்றார்.

அவ்வளவுதான் வேலை. ஆபரேட்டர் ஏறினான், கம்பியை அவிழ்த்தான், இறுகிய சிமெண்டைச் சுரண்டி எண்ணெய் விட்டான். ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. வெறும் தொட்டியை மேலே விட்டுக் கையை எடுத்தான். உச்சியில் டக்கென்று நின்றது. நான் எழுந்தேன். இருட்டுவதற்குள் தளம் முழுவதும் முடிந்தது. விட்ட நேரத்துக்கு நாங்கள்தான் ஈடுகட்டினோம், ஒருத்தியும் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை.

அதன் பிறகு அந்த மேஸ்திரி என்னைக் கூப்பிடவே இல்லை. மூத்தவளை மட்டும் கூப்பிட்டார், அவளும் போனாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. இரண்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். வீட்டில், "போய் ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டா என்ன?" என்றார்கள். எதற்கு மன்னிப்பு? கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்த இருவரும் நானும் தனியாக வேலை பிடித்தோம். இப்போது ஏழு பேர் இருக்கிறோம். எந்த இடத்துக்குப் போனாலும், முதலில் வெறும் தொட்டியை ஓட்டிக் காட்டச் சொல்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே பெரும்பாலும் காட்டிவிடுகிறார்கள். போன மாதம் ராசிபுரம் பக்கம் ஒரு சூப்பர்வைசர், "நீ என்ன பெரிய ஆபீசரா?" என்று கேட்டுவிட்டு மறுத்தார். ஏழு பேரும் ரோட்டுக்கு வந்து அடுத்த பஸ்ஸில் ஏறினோம். அன்றைய கூலி போனதுதான். பஸ்ஸில் ஒருத்திகூட என்னைக் குறை சொல்லவில்லை.