சோதனைக்கு முந்தைய நாள்

எனக்கு ஊசி என்றாலே நடுக்கம். கர்ப்பத்தின் ஆறாம் மாதம் சர்க்கரை இருப்பது தெரிந்தபோது டாக்டர், "வேளாவேளைக்கு அளவா சாப்பிடுங்க. அதுல குறையலைன்னா தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கணும்" என்றார். கடைசியில் சொன்னது மட்டும்தான் என் காதில் நின்றது.

அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் முந்தைய நாள் வெறும் வெள்ளரிக்காயும் மோரும்தான். ரிசல்ட் நன்றாக வரும். "சரியா ஃபாலோ பண்றீங்க" என்பார் டாக்டர். அம்பத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து மாங்காட்டு வீட்டுக்குப் பெருமையோடு பஸ் ஏறுவேன்.

மூன்றாவது முறை ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. காலையிலிருந்து குழந்தை அசையவே இல்லை. வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். அசைவில்லை.

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா என் முகத்தைப் பார்த்து நின்றார். "இன்னாம்மா ஆச்சு?"

"குழந்தை அசையலக்கா."

"இன்னா சாப்ட்ட?"

"நேத்துலேருந்து சரியா சாப்பிடல. சுகர் ஏறிடும்னு..."

"நீ டாக்டராண்ட நல்ல பேர் வாங்கிக்கின. உள்ள கீற புள்ளைக்கு இன்னா குடுத்த?" என்றவர், மாப்பைப் போட்டுவிட்டு ஓடிப்போய் நர்ஸை அழைத்துவந்தார்.

நர்ஸ் வயிற்றில் இதயத்துடிப்பு கேட்கும் கருவியை வைத்தார். கரகரவென்று இரைச்சல் மட்டும் வந்தது. வேறு பக்கம் நகர்த்தினார். அப்போதும் இரைச்சல்தான். அக்காவின் ஈரக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு, தையல் மெஷின் ஓடுவதுபோல் படபடவென்று கேட்டது.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அதன்பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டும் சர்க்கரை குறையாததால், அடுத்த வாரம் இன்சுலின் தொடங்கினார்.

எந்த ஊசிக்குப் பயந்து என் மகளைப் பட்டினி போட்டேனோ, அது எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை.