டாக்டரம்மாவோடு போகவிருந்த ஆறு

அறுபதுகளின் தொடக்கத்தில், கொடைக்கானலில் ஓய்வு பெற்றுத் தங்கியிருந்த ஒரு ஜெர்மன் டாக்டரம்மாவுக்கு நான் துணையாக இருந்தேன். என் கணவர் மஞ்சள் காமாலையில் போன பிறகு, பழனி அடிவாரத்தில் தேங்காய்க் கடை வைத்திருந்த அண்ணன் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மலையேறியவள் நான். டாக்டரம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. பள்ளியில் படித்த இங்கிலீஷில் பேப்பர் படித்துக் காட்டுவது, மாலையில் கைப்பிடித்து ஏரியைச் சுற்றி நடத்திப் போவது, இவைதான் என் வேலை.

அவர் ரைன் நதிக்கரையில் பிறந்தவர். யுத்தத்துக்கு முன்பே இங்கே வந்தவர் திரும்பிப் போகவேயில்லை. அங்கே தங்கை ஒருவர் மட்டும் இருந்தார். அந்த ஆற்றில் இப்போது படுக்கையறைகளோடு கப்பல் ஓடுகிறது, நீ முதலில் ஏறிக்கொள், நான் நம் ஊர்த் துறையில் ஏறிக்கொள்கிறேன் என்று தங்கை எழுதியிருந்தார்.

"நீயும் வா," என்றார் டாக்டரம்மா. "எனக்குக் கரை தெரியாது. நீ பார்த்துச் சொல்லு."

பழனிக்குப் போய் வீட்டில் சொன்னேன். அண்ணன் எகிறினார். "தாலி அறுத்த வருசமே கப்பல்ல சுத்தப் போறாளாக்கும்னு ஊரு பேசாதா?"

அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "ஏலே, நீ சும்மா கெட. இவளுக்கு இங்க என்ன சோலி இருக்கு? நீ போயிட்டு வெரசா வந்துரு தாயி."

அதன் பிறகு தினமும் ஒத்திகைதான். ஏரியில் படகு பிடித்துப் போவோம். அவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு சாய்ந்து, "சொல்லு," என்பார்.

"கரையில குதிர நிக்குதுங்க. ஒரு பிள்ள ஏறமாட்டேன்னு அழுவுது."

அவர் சிரிப்பார். "அங்கே கரையெல்லாம் மலைச்சரிவு. படிப்படியாகத் திராட்சைத் தோட்டம்."

"இங்க மேல்மலையில, கவுஞ்சி ஊருல பூண்டு போட்டிருக்காப்லயாங்க?"

"அதே மாதிரிதான்."

வெயில் காலத்தில் மணல் தெரியும் சண்முகநதியைத் தவிர வேறு ஆற்றை அறியாத நான், கவுஞ்சியின் பூண்டு வயல்களுக்குக் கீழே பெரிய தண்ணீரை ஓடவிட்டுக் கற்பனை செய்துகொண்டேன். டாக்டரம்மாவின் பழைய கம்பளிக் கோட்டை என் அளவுக்குத் தையல்காரர் பிரித்துத் தைத்தார். கணவர் போன பிறகு, இனி வரப்போகும் ஒரு நாளை ஆசையோடு நினைத்தது அப்போதுதான்.

ஒருநாள் முற்பகலில் தந்தி வந்தது. அவரால் படிக்க முடியாது, நான்தான் படித்தாக வேண்டும். பிரித்து முதலில் மனசுக்குள் படித்தேன்.

"சத்தமாகப் படி," என்றார்.

தங்கை தூக்கத்திலேயே இறந்துபோனார் என்று படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு தந்தியை வாங்கி, மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். பகல் முழுக்க எதுவும் சாப்பிடவில்லை. நான் சமையலறையில் நின்று அழுதேன். அவருக்காக எவ்வளவு, எனக்காக எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

சில வாரம் கழித்து மெதுவாகக் கேட்டேன். "நாம ரெண்டு பேரும் மட்டும் போயிட்டு வரலாமேங்க?"

"வீட்டில் எனக்கு ஒரு செல்லப் பேர் உண்டு," என்றார் அவர். "அதைச் சொல்லிக் கூப்பிட அங்கே இனி யாரும் இல்லை."

பயணச் சீட்டை ரத்து செய்துவிட்டார். ஏரிப் பக்கம் போவதும் நின்றது. அந்த மழைக்காலத்தில் பார்வை முழுவதும் போயிற்று. அடுத்த குளிரில் நெஞ்சுச் சளி கண்டு படுத்தவர் எழவில்லை.

அடக்கத்துக்கு அண்ணன் பஸ் ஏறி வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துக்குள் வரத் தயங்கி வாசலிலேயே நின்றார். பாதிரியார் ஜெபத்தை முடித்தபோது அண்ணன் உள்ளே என் பக்கத்தில் வந்து, "கூடப் பொறந்தவங்க ஒருத்தருமா இல்ல?" என்று கேட்டார்.

"இல்லண்ணே."

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து, ஈர மண்ணில் ஒரு கை அள்ளி, குழிக்குள் மெதுவாகப் போட்டார் அண்ணன்.

நான் அவரோடு பழனிக்கு இறங்கவில்லை. பள்ளி விடுதி ஒன்றில் வேலை கிடைத்து மலையிலேயே தங்கிவிட்டேன்.