சபதமும் நிவாரணக் கஞ்சியும்

தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்து லைன் வீடுகளில் கிருஷ்ணம்மாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவள் புருஷன் சம்பங்கி. சுரங்கத்துக்குள் வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது பாதி போய்விட்டது. இன்னொருத்தி அவளுடைய அக்கா கங்கம்மா. அவள் வாணியம்பாடிப் பக்கம் பாலாற்றங்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

கிருஷ்ணம்மாவின் அடுப்பை வேறு யாரும் தொடக் கூடாது. மாமியார் ஒருமுறை உதவுவதாக நினைத்துக் குழம்பைக் கிளறிவிட்டாள். கிருஷ்ணம்மா அந்தக் குழம்பைச் சட்டியோடு தூக்கிக்கொண்டுபோய் அடுத்த வீட்டு எருமையின் கழனித்தொட்டியில் ஊற்றினாள். மாமியார் மறுநாளே ஊருக்கு ரயிலேறிவிட்டாள். கிருஷ்ணம்மாவின் சமையலும் சும்மா சொல்லக் கூடாது, அப்படித்தான் இருந்தது. அங்கே கருவாட்டுக் குழம்பு கொதித்தால், நாலாவது லைன்காரன் அந்த வாசனைக்கே தன் வீட்டில் ஒரு பிடி சோறு கூடுதலாகத் தின்பான்.

அப்படிப்பட்டவள் தன் மகளுக்குக் காது குத்தினாள். ஷிப்ட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் முதல் பந்தி என்பது தங்கவயல் வழக்கம். சங்கு ஊதி, சுரங்கத்துக்குள் ஆளிறக்கும் கேஜ் கீழே இறங்கிவிட்டால் அன்றைய வேலை போச்சு. அதனால் வேலைக்காரன் தின்றுவிட்டு எழுந்தபிறகுதான் சொந்தபந்தம் உட்காரும். ரயிலேறி, தட்டு வரிசையோடு வந்திருந்த கங்கம்மாவுக்கு இது தெரியாது. கிருஷ்ணம்மாவும் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்ததை அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டாள்.

"கண்டவனுக்கெல்லாம் மொதப் பந்தி, கூடப் பொறந்தவளுக்கு ரெண்டாம் பந்தியா? இனிமே உன் கையால ஒரு பருக்கை துன்னா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல" என்று சொல்லிவிட்டுக் கங்கம்மா எழுந்து போனாள். இரண்டு பேருக்கும் ஒரே அப்பன் என்பதால் கிருஷ்ணம்மாவால் அதைத் திருப்பித் திட்டவும் முடியவில்லை.

ஆறு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்று ஐப்பசியில் மேற்கே ஏரிகள் உடைந்து பாலாறு கரையேறி வந்தது. கங்கம்மாவின் வீடு போயிற்று. மாடு போயிற்று. மாட்டை அவிழ்த்துவிடப் போன அவள் புருஷனும் திரும்பவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத அவள், உடுத்திய சேலையோடு தங்கவயலின் ஊரிகம் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள்.

தங்கவயலில் பாதிப் பேருக்கு அந்தப் பாலாற்றங்கரைதான் தாய்வீடு. அந்த வாரம் ஒவ்வொரு ரயிலிலும் இப்படி ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கிருஷ்ணம்மா ஸ்டேஷனுக்கு ஓடி, அக்காவைக் கட்டிக்கொண்டு அழுது, வீட்டுக்குக் கூட்டிவந்து, இலை போட்டுச் சோறு வைத்தாள்.

கங்கம்மா இலையைத் தள்ளிவைத்தாள். "படுக்க எடம் குடு, போதும்."

மறுநாள் அவள் வாசல் பெருக்கினாள், தண்ணீர் சுமந்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு ஆண்டர்சன்பேட்டைக்கு நடந்து, கிறிஸ்தவக் கோயில் வளாகத்தில் வெள்ளத்தில் அடிபட்டு வந்தவர்களுக்காகத் திறந்திருந்த கஞ்சித்தொட்டி வரிசையில் நின்றாள். கஞ்சி காய்ச்சியவர் உபதேசியார் ஆபிரகாம். நல்ல மனுஷர். பிறந்ததிலிருந்து அடுப்புப் பக்கம் போனதில்லை. அவர் கஞ்சியில் அரிசி ஒரு பக்கம் கிடக்கும், தண்ணீர் ஒரு பக்கம் நிற்கும். உப்பு அவருடைய ஞாபகத்தைப் பொறுத்தது. அதைக் கங்கம்மா முகம் சுளிக்காமல் குடித்தாள்.

"உங்கக்கா கஞ்சித்தொட்டில நிக்கிறாங்களாமே, வூட்டுல அரிசி இல்லியா?" என்று குழாயடியில் நாலு பேர் கேட்டார்கள். கிருஷ்ணம்மாவுக்கு மானம் போயிற்று. நேராக ஆபிரகாமிடம் போனாள்.

"நாளையிலேர்ந்து நான் ஆக்கறேன், உபதேசியாரே. யாரு ஆக்கனதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

"கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன்மா."

"கேக்க முடியாத எடமா பாத்து நில்லுங்க."

மறுநாள் கோணித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, சீரகம் வறுத்துப் பொடித்து, பூண்டு தட்டிப்போட்டு, தன் தாயின் பக்குவத்தில் கஞ்சி காய்ச்சினாள். வரிசை நீண்டுகொண்டே போயிற்று. ஆற்றில் தண்ணீர் வடிந்து பத்து நாளாயிற்று, அடிபட்டவர்கள் எண்ணிக்கை ஏன் கூடுகிறது என்று ஆபிரகாம் குழம்பினார். எட்டிப் பார்த்தால், வெள்ளத்தைக் கண்ணாலும் பார்க்காத ஷிப்ட் ஆட்கள் தூக்குச்சட்டியோடு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அதில் சம்பங்கியும் ஒருவர்.

அன்று தன் முறை வந்ததும் கங்கம்மா ஒரு வாய் குடித்தாள். தட்டைக் கீழே வைத்தாள். திரையை ஒருதரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அதோடு கஞ்சியும் போயிற்று. ஒரு நாள், இரண்டு நாள், தண்ணீர் மட்டும்தான். மூன்றாம் நாள் காலையில் குடத்தோடு குழாயடியில் சுருண்டு விழுந்தாள். தூக்கிவந்து படுக்க வைத்தார்கள். பயம் வந்தால் கிருஷ்ணம்மாவுக்குத் திட்டத்தான் வரும்.

"செத்துப்போறதுக்கு எங்கூட்டுக்குத்தான் வந்தியா? ஆறு விட்டுவச்ச உசுரு, உன் ரோசத்துக்குப் போவணுமா? எவளோ ஒருத்தி ரெண்டாம் பந்தியில உக்காரவச்சாளாம், அதுக்கு..."

கங்கம்மா கண்ணைத் திறந்தாள். கோபமில்லாமல்தான் பேசினாள். "வூடு போச்சு. மாடு போச்சு. அந்த ஆளு எங்க கெடக்கறாருன்னுகூடத் தெரியல. நான் சொன்ன அந்த ஒரு சொல்லுதான் என்கிட்ட மிச்சம் கீது. அதையும் உன் வாசல்ல வுட்டுட்டா, அப்பால நான் யாருடி?"

கிருஷ்ணம்மாவுக்கு வாயடைத்துப்போனது அதுதான் முதல் தடவை. சம்பங்கி பயந்துபோய், "இன்னாமே, உடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். அவள் அடுப்பைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி அடுப்பைப் பார்த்தாள். உயிரைக் கொடு என்றால்கூட அவ்வளவு நேரம் யோசித்திருக்க மாட்டாள்.

பிறகு கரண்டியை எடுத்துவந்து அக்காவின் கையில் வைத்தாள்.

"நீ ஆக்கு. உன் கையால நீ துன்னு. எனக்கும் போடு. நான் அந்தப் பக்கமே வரல."

கங்கம்மா கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையின் அடுப்பைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு பிடி அரிசி களைந்து போட்டாள். கொதிக்கும்வரை கிருஷ்ணம்மா கைகளைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கட்டாவிட்டால் அவை எழுந்து போய்விடும். சோறு கொஞ்சம் அடிப்பிடித்த வாசனை வந்தது. அப்போதும் எழவில்லை.

கங்கம்மா அன்றுதான் புருஷனுக்காக வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து கிருஷ்ணம்மாவும் சாப்பிட்டாள், தீய்ந்த சோற்றை, ஒரு வார்த்தை சொல்லாமல்.

ஒரு மாதம் கழித்துச் சம்பங்கி மெதுவாகக் கேட்டார், அவருக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. "நீ எப்போ ஆக்கப்போறமே?"

"அக்கா இருக்கற வரைக்கும் இல்ல" என்றாள் கிருஷ்ணம்மா. "துன்னுட்டு எழுந்து போங்க, சங்கு ஊதப்போவுது."